மேடையேறிய கைப்பிடிக் குழாய்

போர்ட் பிளேரின் ஷாதிபூர் மேட்டில் குடியிருக்கும் முத்துவீரனுக்கு இதுவரை மூன்று முறை மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. ஒருமுறைகூட அது வீடுவரை வந்து சேரவில்லை.

பதுளைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரம் துரத்த வவுனியாவுக்குப் போனார். அங்கே கண்ணிவெடி இடது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டது. படகேறி மண்டபம் முகாமுக்கு வந்தார். பிறகு மனைவி வழி உறவைப் பிடித்துக் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனார். அங்கே போர் வராது என்றார்கள். வரவில்லை, சுனாமி வந்தது. அதற்குப் பிறகுதான் போர்ட் பிளேர். மனைவி காலமான பின் மகள் திவ்யாவோடு இருக்கிறார். கீழே சாலையோரம் சேக் தாவூதின் கடை வாசலில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்வார். மழைக்குக் குறைவில்லாத ஊரில் அவருக்கும் வேலைக்குக் குறைவில்லை.

வீட்டிலிருந்து சாலைக்கு இறங்கச் செங்குத்தான படிகள். போன மழையில் பாசியில் ஊன்றுகட்டை வழுக்கி, மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு ஒரே மூச்சில் வந்து சேர்ந்தார்.

"ரெண்டு காலிருந்தா ரெண்டும் ஒடஞ்சிருக்கும். நமக்கு ஒண்ணு மிச்சம்" என்றார்.

திவ்யா சிரிக்கவில்லை. "அடுத்த மழைக்குள்ள புடிச்சு எறங்க ஒரு கம்பி வரணும்பா. இல்லாட்டி குட்வில் எஸ்டேட்ல இருக்கிற முதியோர் இல்லத்துல சேர்த்துருவேன். நான் டியூட்டிக்குப் போயிட்டா யாரு ஒங்களத் தூக்கறது?"

இரும்பு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். அவள் சம்பளத்துக்கு அது எட்டாது. அவருக்கோ முகாம் என்றால் என்னவென்று தெரியும். மணி அடித்தால் சாப்பாடு, பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவேண்டும். இல்லம் என்று பேர் வைத்தால் மட்டும் மணி அடிக்காமல் இருக்குமா?

ஆகவே கருணைத்துடுப்பு சங்கத்துக்குப் போனார். போரால் இடம்பெயர்ந்த முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் உதவுவதற்கென்றே உள்ள சங்கம் அது. உதவி மேடையில் நடக்கும். மாலை, பேச்சு, போட்டோ. போட்டோ முடிந்ததும் உதவி வேனில் ஏறி அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடும். "பாராடாங்ல முடிஞ்சதும் அனுப்பி வைக்கிறோம்" என்பார் செயலாளர் ஜம்புலிங்கம். மூன்றாம் வருடம் மேடையில் தனக்குக் கொடுத்த சக்கர நாற்காலியை, கைப்பிடியிலிருந்த கீறலை வைத்து, முந்தின வருடங்களில் கொடுத்த அதே நாற்காலி என்று முத்துவீரன் அடையாளம் கண்டுகொண்டார். "என்னா, சௌக்கியமா?" என்று அதனிடம் விசாரித்தும் விட்டார்.

"இந்தத் தடவ நாற்காலி வேணாம் சாப். படியில அத எப்படி உருட்ட? ஒரு கைப்பிடி போட்டுக் குடுங்க."

ஜம்புலிங்கத்தின் முகம் சுருங்கியது. "பெரியவரே, கைப்பிடிய உங்க வீட்டுப் படியிலதான் போடணும். சீஃப் கெஸ்ட் அங்கயா ஏறி வருவாரு? மேடையில குடுக்க முடியாதத நாங்க எப்படிக் குடுக்கறது?"

அதுதானே நியாயம். முத்துவீரன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வெறுங்குழாயக் குடுங்க சாப். ரிப்பன் கட்டிக்கலாம்."

ரிப்பன் என்றதும் ஜம்புலிங்கம் மலர்ந்தார். "டீக் ஹை! புதுமையா இருக்கும்."

புதுமையாகத்தான் இருந்தது. மேடைக்குள் திரும்பும்போதே அந்த நீளக் குழாய் குத்துவிளக்கைச் சாய்த்தது, மைக்கைத் தட்டியது, வரவேற்புரையையும் முடித்துவைத்தது. சிறப்பு விருந்தினர் ஒரு முனையைப் பிடித்தார். முத்துவீரன் ஊன்றுகட்டையைக் கீழே போட்டுவிட்டு மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்தார். போட்டோ எடுத்தார்கள்.

"சரி பெரியவரே, விடுங்க. வேன் நிக்குது" என்றார் ஜம்புலிங்கம், பல்லைக் காட்டியபடி.

"விட்டா விழுந்துருவேனே சாப்."

"கட்டைய எடுத்துத் தர்றேன், விடுங்க."

"கையி ரெண்டும் இதுல இருக்கே. கட்டைய எதால வாங்குவேன்?"

முன்வரிசையிலிருந்து சேக் தாவூத் கத்தினார்: "அரே, ஒத்தக்கால் மனுசன்கிட்டப் புடுங்குறானுவளே! போட்டோக்காரத் தம்பி, இதயும் எடு!"

போட்டோக்காரர் எடுத்தார். சிறப்பு விருந்தினர் தன் முனையைத் தீயைத் தொட்டவர்போல விட்டார். ஜம்புலிங்கத்துக்கும் வேறு வழியிருக்கவில்லை. முத்துவீரன் முன்பே சொல்லிவைத்திருந்த வெல்டர் வின்சென்ட், வண்டியோடு வாசலில் தயாராக நின்றிருந்தார். முத்துவீரன் சேக் தாவூதின் தோளில் சாய்ந்து வண்டியில் ஏறி உட்காரும்வரை குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

குழாய் பாதிப் படிக்குத்தான் எட்டியது. பாசி பிடித்த பாதியாகப் பார்த்து வின்சென்ட் அதை நட்டார். மறுநாளே ஜம்புலிங்கம் பெயிண்டரை அனுப்பி, சங்கத்தின் முழுப்பெயரையும் சிவப்பில் எழுதவைத்தார்.

திவ்யா கீழ்ப்படியில் நின்று பார்த்தாள். அப்பா ஒரு கையில் கட்டையும் மறுகையில் குழாயுமாக இறங்கிவந்தார். அவள் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசவில்லை. "கைய வேட்டியில தொடச்சிராதீங்க" என்றாள்.

அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை. சங்கத்தின் பேரில் பாதி கையோடு வந்திருந்தது.

"மீதிய ஏறும்போது எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.