கோழிக்கு விரித்த ரப்பர்

எனக்குக் கோழிகளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையைப் பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குத்தான் கோழி வளர்க்க ஆசை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆசை என் மனைவிக்கு. எனக்கு வாய்த்தது குழி மூடுகிற வேலை.

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு கூண்டு இருக்கிறது. நான்கு மூலையிலும் இரும்புக் குழாய் நட்டு, சுற்றிலும் கம்பி வலை அடித்து, ஒரு பக்கம் மட்டும் தகரம் போட்ட இடம். முன்பெல்லாம் கோழிகள் கொல்லை முழுக்க இஷ்டத்துக்குத் திரிந்தன. ஒருநாள் பக்கத்து வீட்டு டீச்சர் ஆசையாக வைத்திருந்த கனகாம்பரச் செடிகளை வேரோடு கிளறிப் போட்டுவிட்டன. அவர் சண்டைக்கு வரவில்லை. வாடிய செடியைக் கையில் பிடித்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, பாவம், அதுகளுக்கு என்ன தெரியும் என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையே வலை அடித்தேன்.

கோழிகள் அசரவில்லை. வெளியே செய்ததை உள்ளே செய்தன. ஒரு காலால் இரண்டு இழுப்பு, மறு காலால் இரண்டு இழுப்பு, பின்னால் நகர்ந்து நின்று குனிந்து ஒரு பார்வை. என்னவோ புதையல் எடுக்கிற மாதிரி. சாப்பாட்டுத் தட்டு அளவில் தொடங்குகிற குழி ஒரே வாரத்தில் அண்டா அளவுக்கு வந்துவிடும். பிறகு அதற்குள் படுத்து, கண்ணைச் செருகிக்கொண்டு, இறக்கைக்கு அடியில் புழுதியை வாரி வாரி விசிறும். அந்தப் புழுதி எங்கள் கொடித் துணி மேலும் விழும், டீச்சர் வீட்டுப் படியிலும் விழும். நான் செங்கல் துண்டு போட்டு மூடினேன், பக்கத்திலேயே பறித்தன. சாணி கரைத்து ஊற்றி மெழுகினேன், காயக் காத்திருந்து பறித்தன. தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினேன். அன்றைக்கு மட்டும் பறிக்கவில்லை, அதுவும் ஈரம் பிடிக்காமல்தான்.

மற்றவர்களுக்குக் குழி என்றால் குழி, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வேலை நடக்கிற ரூமின் தரையில் சின்னப் பள்ளம் இருந்தாலும் சிந்திய வெடிமருந்து அதில் போய்த் தங்கிவிடும். மேலாகக் கூட்டினால் போகாது. அதன் மேல் யாராவது எதையாவது இழுத்தால் போதும், உரசிப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் ரூமுக்கு ரூம் ரப்பர் ஷீட் விரித்து வைத்திருக்கிறோம். காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும் நான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்ப்பேன். அங்கே அத்தனை பேரும் நான் சொன்னால் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தால் ஏழு கோழிகள் என் கண்ணில் விரலை விட்டு ஆட்டும்.

போன வருடம் சித்திரையில் எங்கள் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்துப் போய்விட்டது. அதற்கு அடுத்த ரூமில் நான் நின்றிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. செய்தி எங்கள் தெருவுக்கு வந்த பிறகு நான் வீடு வந்து சேர வெகுநேரம் ஆனது. அந்த நேரத்துக்குள் என் மனைவி ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் முழுசாகத் திரும்பி வந்தால், அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் கோழி பொரித்த சேவல் ஒன்றைக் கோயிலுக்கு விடுவதாக.

சந்தையில் நல்ல சேவலாக ஒன்று பிடித்து விட்டுவிடலாமே என்றேன். அதெல்லாம் ஆகாது என்றாள். வீட்டுச் சேவல் என்று சொன்னால் வீட்டுச் சேவல்தான், கூண்டில் நின்ற பெரிய சேவல் சந்தையில் வாங்கியது, அதுவும் ஆகாது. அதிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. நேர்த்திக்கடன் தீராமல் நிற்கிறது, இந்த மனுசனோ தினமும் அதே கேட்டுக்குள் போய்விட்டு வருகிறான் என்று. மத்தியானம் ஆனால் கம்பெனி வாட்ச்மேனுக்குப் போன் போடுவாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் என்னிடம் பேச முடியாது. அவர் சாப்பிட்டாரா என்று கேட்பாள். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொல்வார். எனக்கு மானம் போகும். வீட்டில் வந்து சத்தம் போட்டால், இரண்டு நாள் சும்மா இருப்பாள், மூன்றாம் நாள் மறுபடி போன் வரும்.

ஆடியில் ஒரு கோழி குஞ்சு பொரித்தது. அதில் ஒன்று சேவல் என்று கொண்டை சிவக்கத் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. அவள் அதற்குத் தனியாகக் கம்பு இடித்துப் போட்டாள். ஒருநாள் காலையில் பார்த்தால் கூண்டுக்குள் ஒரு குஞ்சும் இல்லை. பெரிய கோழிகள் தகரத்தின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தன. வலையின் ஓரத்தில் அவை பறித்திருந்த குழியைக் கீரிப்பிள்ளை வெளியிலிருந்து கொஞ்சம் தோண்டி வழியாக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. என் மனைவி அழவில்லை. அந்தக் குழிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தவள் வெயில் ஏறுகிற வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாக் கோழிகளையும் அன்றைக்கே அறுத்திருப்பேன்.

இனி இந்தக் கூண்டுக்குள் ஒரு குழிகூட விழக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்போது புரட்டாசி. தீபாவளி சீசன். ஆர்டருக்கு மேல் ஆர்டர், லோடுக்கு மேல் லோடு, கம்பெனியில் உட்கார நேரமில்லை. அதே சமயத்தில்தான் செங்காட்டு மண் நிறத்தில் இருந்த ஒரு கோழி அடை கிடக்கத் தொடங்கியது. பங்குனிக்குள் சேவல் வளர்ந்து நிற்க வேண்டும் என்றால் இந்த அடை பொரித்தாக வேண்டும். இதை விட்டால் வேறு இல்லை. என் மனைவி கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து அடை வைத்தாள்.

கம்பெனியில் பட்டாசைப் பெட்டியில் அடுக்குகிற ரூமுக்குப் புது ரப்பர் ஷீட் வந்து, பழையதைக் கேட் ஓரம் சுருட்டிப் போட்டிருந்தார்கள். அந்த ரூமில் மருந்து வேலை கிடையாது. முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்து, காயவைத்து, மறுபடி தேய்த்தேன். கூண்டின் அளவுக்கு வெட்டி, மண்ணே தெரியாதபடி விரித்து, ஓரமெல்லாம் செங்கல் அடுக்கினேன். ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், விரித்த விதத்தில் ஒரு குறை கிடையாது.

கோழிகள் ரப்பர் மேல் நின்று ஒரு காலால் இழுத்தன. ஒன்றும் வரவில்லை. குனிந்து பார்த்தன. மறு காலால் இழுத்தன. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த ஞாயிறு முழுக்கப் பார்த்தேன். டீச்சர் மதில் வழியாக எட்டிப் பார்த்து, இப்போது படியில் புழுதியே இல்லை என்று நன்றி சொன்னார். என் மனைவி மட்டும் பாராட்டவில்லை. வெயில் ஏறினால் ரப்பர் சுடுகிறது, கோழிகள் காலை மாற்றி மாற்றி வைக்கின்றன என்றாள். தகரத்து நிழலில் போய் நிற்கட்டும் என்றேன்.

கொஞ்ச நாளில் கோழிகள் சோர்ந்துபோயின. இறக்கைக்கு அடியில் ஓயாமல் கொத்திக்கொண்டன. முட்டையைத் திருப்பி வைக்கப் போன என் மனைவி கையைச் சொறிந்துகொண்டே வந்தாள். பார்த்தால் முழங்கை வரை செள்ளுப்பூச்சி. கடுகில் பாதிகூட இருக்காது, ஊர்ந்தால் உடம்பெல்லாம் அரிக்கும். கோழி புழுதியில் புரளாவிட்டால் செள்ளு வைக்கும், மண்ணைத் திறந்து விடுங்கள் என்று அவள் சொன்னாள். மண்ணைத் திறந்தால் கீரிப்பிள்ளைக்கும் சேர்த்துத் திறந்த மாதிரிதான் என்று நான் சொன்னேன். அதோடு பேச்சு நின்றது. நின்றது என்றால், நான் காலையில் போவேன், இருட்டுகிற நேரத்துக்கு வருவேன், அவள் சோறு போடுவாள், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து நேராகக் கொல்லைக்குப் போனேன். எங்கள் குளியலறை அங்கேதான் இருக்கிறது. கூண்டுக்குள் அடைக்கோழி கூடையை விட்டு இறங்கி மூலையில் சிலிர்த்துக்கொண்டு நின்றது. என் மனைவி கூடைப் பக்கம் உட்கார்ந்து, பழைய சேலைத் துணியை முட்டைகள் மேல் போட்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ தெரியாது. நான் உள்ளே போய்க் கோழியைப் பிடித்துக் கூடையில் அமுக்கினேன். என் கையிலிருந்து திமிறி இறங்கியது. மறுபடி அமுக்கினேன், மறுபடி இறங்கியது. முட்டையை விட்டுவிட்டுத் திரிகிற நீயெல்லாம் ஒரு கோழியா என்று கத்திவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது.

என் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கழுத்தெல்லாம், முழங்கையெல்லாம் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பவுடர் அப்பிக்கொண்டு நான் நின்றேன். எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலைக்குப் போய் வருகிற யாரும் குளிக்காமல் வீட்டுக்குள் ஒரு சொம்பைக்கூடத் தொடமாட்டோம்.

"கம்பெனி விட்டு வந்து குளிக்காம என்னைக்காவது சோத்துல கை வச்சிருக்கீகளா? உடம்புல செள்ளு ஊர்றதோட அது மட்டும் எப்படி அங்கன உக்காரும்?"

அவள் இப்படிக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். குனிந்து ரப்பரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். செங்கல்கள் சரிந்தன. இழுத்துச் சுருட்டி வலைக்கு வெளியே எறிந்தேன். அடியில் இருந்த மண் அமுங்கி இறுகிப் போயிருந்தது, கோழியின் நகம் ஏறாது. மண்வெட்டியை எடுத்து நானே வெட்டினேன். அண்டா அளவுக்கு ஒரு குழி, இத்தனை மாதமாக எதை மூடி மூடிச் செத்தேனோ அதே மாதிரி. கொல்லை வெந்நீர் அடுப்பில் ஆறிக்கிடந்த சாம்பலை அள்ளிவந்து அதில் கொட்டினேன்.

அடைக்கோழி வந்து குழியில் படுத்தது. ஒரு பக்கம் புரண்டது. புழுதியை வாரிக் கழுத்தில் போட்டது. மறு பக்கம் புரண்டது. முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது, இதற்கோ அவசரமே இல்லை. எனக்கு ஒரு கல்லை எடுத்து எறியலாம் போல இருந்தது. நான் கூண்டுக்கும் குளியலறைக்கும் நடுவில் குளிக்காமலே நின்றேன். என் மனைவி கையை முட்டையிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கூடையில் இருந்த பழைய மணலைத் தட்டிவிட்டு வேறு மணல் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்து கொடுத்தேன்.

கோழி ஒருவழியாக எழுந்து ஒரு உதறு உதறியது. தண்ணீர் குடித்தது. பிறகு யாரும் சொல்லாமல் கூடையில் ஏறி, முட்டைகளைக் காலால் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது. என் மனைவி கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு கையும் மரத்துப்போய் விரல் மடங்கவில்லை. நான் குளிக்கப் போனேன்.

முக்கால்வாசி முட்டை கூமுட்டையாகப் போய்விட்டது. மூன்று குஞ்சுதான் வந்தது. மூன்றில் ஒன்று சேவல். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும், வலையைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, உடைந்த கடப்பாக்கல் துண்டுகளை நிறுத்திப் புதைத்தேன். உள்ளே என்ன வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளட்டும், வெளியிலிருந்து எதுவும் வரக் கூடாது. முதுகு போய்விட்டது. டீச்சர் வீட்டுப் படியில் மறுபடி புழுதி விழுந்தது. அவர் மறுபடி சண்டைக்கு வரவில்லை. எனக்கு மறுபடி எரிச்சல்தான்.

பங்குனிப் பொங்கலுக்குச் சேவல் நல்ல வாட்டசாட்டமாக வளர்ந்து நின்றது. என் மனைவி அதை மஞ்சள் தண்ணீரில் கழுவி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். நான் தூக்கிவருகிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை. பூசாரி வாங்கிக்கொண்டதும் விபூதியை என் நெற்றியில் அவளே பூசிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் கதவு ஓரம், கோயிலுக்குக் கட்டின சேலையோடு வெறும் தரையில் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். வாசலில் ஆள் வந்து கூப்பிட்டது, அசையவில்லை. நான் கை தவறி ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டேன், அது உருண்டு நிற்கிற வரை சத்தம், அப்போதும் அசையவில்லை. அந்த ஒரு வருடத்தில் ராத்திரி நான் எப்போது புரண்டு படுத்தாலும், தண்ணி வேணுமா என்று உடனே அவள் குரல் வரும். அவளுக்குத் தூக்கம் லேசு போல என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தூங்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கூண்டுக்குள் கோழிகள் பறிக்கத் தொடங்கின. புழுதி கதவு வழியாக அவள் மேல் வந்து படிந்தது. அதட்ட வாயெடுத்தேன், எழுந்துவிடுவாளே என்று அடக்கிக்கொண்டேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பறித்தால் பறிக்கட்டும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.