படுகை இறக்கத்தில் என் சகலை

சகலை கலியபெருமாள் போய்விட்டார் என்று போன் வந்தபோது பாபநாசத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பேசியது அவர் மனைவி தையல்நாயகி, என் மனைவிக்கு அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். "காபி சரியில்லன்னு திட்டினாரு தம்பி, அப்படியே சாஞ்சிட்டாரு." அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் திட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்!

பழகியவர்களுக்குத் தெரியும், அவர் மலைப்பாதைகளில் லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கால் விழுந்த பிறகும், கொள்ளிடக் கரைக்கு உள்ளே படுகையில் இருக்கும் வாழைத்தோப்புக்குத் தனியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தார். சிங்கப்பூர் மகன் ஒரு ஏடிவி வண்டி வாங்கிக் கொடுத்தான். பெரிய பைக்குக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும்.

சமதரையில் ராஜா மாதிரி போனார். கரையிலிருந்து இறங்கும்போதுதான் வம்பு. கால் பிரேக்கை மிதிக்க முடியாது. கைப்பிரேக்கைப் பிடித்தால் ஈரக் களிமண்ணில் முன்சக்கரம் வழுக்கும். ஒருநாள் வண்டி வாழைக்குள் புகுந்துதான் நின்றது. "இனிமே தோப்பை போட்டோவுல பாருங்க" என்று அண்ணி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். சகலைக்கு முகம் தொங்கிப்போயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை.

பிரேக் ஷூவை மாற்றலாம் என்றேன். "போய்யா சகலை! இறக்கத்துல இஞ்சின்தான் வண்டியைப் பிடிக்கணும். இது பிடிக்கல."

கரையிறக்கம் வந்தால் டிராக்டரை நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் நாங்கள். லாரியை விட்டுவிட்டு ஊரோடு வந்தபின் அந்தப் பழக்கம் அவருக்கும் தொற்றியிருந்தது. சரிவைக் கண்டதும் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிடுவார். இந்த வண்டியிலோ, அப்படி விட்டால் கிளட்ச் தானே கழன்றுகொள்ளும். அது நியூட்ரலுக்குச் சமம்.

தஞ்சாவூர் மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். இஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் பெட்டிக்குள் சேறும் தண்ணீரும். வாழைத்தாரோடு கரையேறும்போது வந்த கருகல் வாடைக்குக் காரணம் அதுதான். புது பெல்ட் போட்டு, பெட்டியின் காற்றுக்குழாயைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். சகலை சண்டை போட்டு ஒருவழி பேரிங் உள்ள கிளட்சையும் மாட்ட வைத்தார். ஆக்சிலேட்டரை விட்டாலும் சக்கரம் இஞ்சினைச் சுற்றும், இஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும்.

சோதனை நாளில் அண்ணி இறக்கத்தில் குறுக்கே நின்றுகொண்டார். "என் மேல ஏத்திட்டுப் போங்க!" வண்டி 'உர்ர்' என்று உறுமிக்கொண்டு, மணமேடைக்குப் போகும் மாப்பிள்ளை போல நிதானமாக இறங்கியது. வழிவிட்டு நடந்த அண்ணி அவருக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தார். சகலை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்தன. அதன்பின் தினமும் தோப்புக்குத் தனியாகத்தான் போய்வந்தார்.

ஆகாது என்று ஊரே சொன்னாலும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடும் அந்தத் திமிரை, அவர் விட்டுப்போன சொத்தாக நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அதில் பங்குக்கு ஆள் வருவார் என்று நினைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "வாழை காயுது. ஓட்டச் சொல்லிக்குடுங்க." நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கரை உச்சியில் அவர் ஆக்சிலேட்டரிலிருந்து விரலை எடுக்க, வண்டி மெல்ல இறங்கியது. பாதியில் சிரித்தார், உடனே அழுதார். "இதுக்கா அந்த மனுஷன் அவ்வளவு பீத்திக்கிட்டாரு!"

கீழே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க வர வேணாம் தம்பி. நானே போயிக்கிறேன்."