சேலைச் சாக்கு

தேவையில்லாத பொருள் ஒன்று கண்ணில் பட்டால் எனக்குப் பொறுக்காது. கல்யாணமாகி சிவகாசிக்கு வந்தபோது இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள், என்னோடு ஒன்பது. பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்பதால் நடக்கிற இடமெல்லாம் குடங்கள். அச்சாபீஸில் வேலை பார்த்த என் கணவர் நிறம் பிசகிய காலண்டர்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் திணித்திருந்தார். ஓடாத மிக்ஸிகள், ஒற்றைச் செருப்புகள், டப்பா இல்லாத மூடிகள். ஒவ்வொன்றாக ஒழித்துக் கட்டினேன். "இவ கண்ணுல படுற மாதிரி உக்காராதீக, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவா" என்று கணவர் தன் அப்பாவிடம் சொல்வார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

என் கணவரின் அண்ணன் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அவள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வந்தாள். அங்கே நூல் சேலைதான் உடுத்த வேண்டும். பாலியெஸ்டர் உரசினால் பொறி கிளம்பும், தீப்பிடித்தால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று மூன்று பழைய நூல் சேலைகள் வைத்திருந்தாள். எத்தனை துவைத்தாலும் பட்டாசு மருந்தின் வெள்ளிக் கறை போகாது. வீட்டுத் துணியோடு சேரக்கூடாது என்று அவற்றை ஒரு சாக்கில் சுருட்டி அறை மூலையில் வைப்பாள். அந்தச் சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

வீட்டுக்கு முதல் செல்போன் வந்த வருஷம், தீபாவளிக்கு முந்தின மாதம். நாத்தனாரைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா இரண்டு நாள் லீவு போட்டு ஆனைக்குட்டத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் வந்தார். சாக்கில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்துதான் கொடுத்தேன். கந்தல்தானே, மாமியாரிடம் வேறு பழைய சேலை வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். மாமியாரின் பழைய சேலைகளையும் முந்தின மாதமே போட்டுவிட்டது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒரு நீல பிளாஸ்டிக் பேசின் கிடைத்தது.

ஞாயிறு ராத்திரி ஊரிலிருந்து திரும்பிய அக்கா திங்கட்கிழமை காலை மூலையில் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, என் சாக்கை எங்கன வச்சிருக்க?"

"பேசினுக்குப் போட்டுட்டேன்க்கா. வர்றவுகளுக்கு அந்தக் கந்தலையா காட்டச் சொல்றீக?"

அவள் சண்டை போடவில்லை. "உங்கிட்ட நூல் சேல எதும் இருக்காத்தா? இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்."

பீரோவில் ஒரு சுங்குடி நூல் சேலை இருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. கறை பட்டால் போகாதே என்று நினைத்தேன்.

"இல்லக்கா" என்றேன்.

வேன் ஹாரன் அடித்தது. பாலியெஸ்டர் சேலையை உடுத்தி, மேலே அவள் கணவரின் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினாள். சீசன் நேரம், லோடு போகிற அவசரம். அன்று கேட்டில் யாரும் சேலையைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பதினோரு மணிக்கு அந்தச் செல்போன் அடித்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சட்டை இருந்த இடம் தப்பியிருந்தது, இடுப்புக்குக் கீழே தப்பவில்லை. நர்சம்மா எங்களிடம், "மேல போர்த்த மெல்லிசான நூல் சேல கொண்டாங்க. பழசா இருந்தா நல்லது" என்றார். அதற்காக வீட்டுக்குத் திரும்பி வந்தேன். நான் துடைத்து வைத்திருந்த வீடு. ஒரு பழைய நூல் துணிகூட இல்லை. பீரோவைத் திறந்து சுங்குடியை எடுத்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தேன்.

அதைப் போர்த்தியபோது அக்கா சேலையின் புதுக் கரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. பக்கத்தில் மாமியார் அழுதுகொண்டே கேட்டார், "ஏன்த்தா நூல் சேல உடுத்தாமப் போன?"

"தொவச்சது காயல அத்த" என்றாள் அக்கா.

நாலாம் நாள் போய்விட்டாள்.

அவள் மகளை நான்தான் வளர்த்தேன். அன்றிலிருந்து ஒரு பழைய துணியைக்கூட நான் வெளியே போட்டதில்லை. பீரோவிலும் பரணிலும் பழைய நூல் சேலைகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன, கால் வைக்க இடமில்லை. போன மாதம் வந்திருந்தபோது அந்தப் பிள்ளை அவற்றை ஒதுக்க உட்கார்ந்தாள்.

"சித்தி, இம்புட்டையும் எதுக்கு வச்சிருக்கீக?"

"இருக்கட்டும்" என்றேன்.

மாமியார் உள்ளேயிருந்து அவளிடம் சொன்னார், "உங்கம்மாவுக்கு அன்னிக்கு நூல் சேல காயலத்தா. காஞ்சிருந்தா இருந்திருப்பா."

அக்கா போன அந்த வாரம் முழுக்க நல்ல வெயில். துவைத்த சேலை அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அது மாமியாருக்கும் தெரிந்திருக்கும், இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது. அந்தப் பிள்ளை தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் திரும்பக் கட்டினாள். முடிச்சுப் போட நானும் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன்.