எங்கள் தெருவுக்கு அண்ணன் போட்ட ரோடு

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது அண்ணி என்னைக் கை காட்டினார். "நீதான் மனசுல உள்ளத பட்டுனு சொல்லுவ. நீயே எழுது" என்றார். அதனால் பட்டென்றுதான் எழுதப்போகிறேன். புகழ்ச்சியை மட்டும் எதிர்பார்த்து இதைக் கையில் எடுத்த உறவினர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது முடிச்சூரில். அப்பா பாடுபட்ட நிலமெல்லாம் மனைகளாகப் பிரிந்து விலைபோய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பா தவறினார். அப்போது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அம்மாவும் தங்கை நானும் அவர் தலையில் விழுந்தோம். தட்டுத் தடுமாறி டிப்ளமோ முடித்து, சாலை போடும் காண்டிராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். வண்டலூர் பக்கம் ஒரு மாதம், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு மாதம் என்று கொதிக்கிற தாருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. மேற்குத் தாம்பரத்தில் இப்போதுள்ள வீடும் எழும்பியது.

அண்ணனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, யாருக்கும் அவர் இல்லை என்று சொன்னதில்லை என்பதுதான். உண்மை. அவருடைய பெரிய குணம் அது. எங்கள் வீட்டுக்கு வந்த சங்கடமும் அதே குணத்தால்தான் வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அண்ணன் வீடு கட்டிக் குடிபோனபோது எங்கள் தெரு வெறும் மண் தெரு. மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எண்பதுகளில் முதல் தார் ரோடு வந்தது. சில வருஷத்தில் அது பெயர்ந்து குண்டும் குழியுமானது. மறுபடி போடும் வேலை அண்ணனின் காண்டிராக்டருக்கே கிடைத்தது. தெருவே கொண்டாடியது. நம்ம ஆள் நின்று போடுகிற ரோடு என்று ஆளாளுக்குப் பெருமை பேசினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரோடு போட ஆட்கள் வந்தால், வீட்டுக்காரர்கள் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, மிச்சமாகும் தார்க் கலவையைத் தங்கள் கேட்டு வரைக்கும் இழுத்துவிடச் சொல்வார்கள். ஸ்கூட்டர் அலுங்காமல் உள்ளே ஏறும். அந்த இடத்தில்தான் மழைத் தண்ணீர் ஓடுகிற பள்ளம் இருக்கிறது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பழைய ரோட்டைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போடுவதும் வழக்கம்தான். கனமாகப் போட்டால் நல்ல ரோடு என்பது தெருவின் கணக்கு.

குடியிருப்போர் சங்கத் தலைவர் வாசு சார்தான் முதலில் ஆரம்பித்தார். "நம்ம தெருப் பையனே நிக்கறப்ப நாம ஏம்ப்பா வண்டியத் தூக்கித் தூக்கி ஏத்தணும்? கேட்டு வரைக்கும் இழுத்துவிடேன்." அண்ணனுக்குத்தான் இல்லை என்று சொல்ல வராதே! அவருக்கு இழுத்துவிட்டதும் பக்கத்து வீடு கேட்டது, எதிர் வீடு கேட்டது. சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கத்துப் பள்ளமும் தாருக்குள் போய்விட்டது.

தெருக்கோடியில் ஸ்டெல்லா டீச்சர் வீடு. எங்களுக்கெல்லாம் முன்னால் கட்டிய வீடு, அதனால் தாழ்வாக இருக்கும். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். டீச்சர் மட்டும் தெருவுக்கு வந்து நின்று பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாத்தையும் மூடிட்டீங்களே. தண்ணி எங்க போகும்? என் வீடு பள்ளத்துல இருக்கே" என்று கேட்டார்.

"நான் பாத்துக்கறேன் டீச்சர். ஓரமா ஒரு வாய்க்கால் வெட்டிக் குடுத்திடறேன்" என்றார் அண்ணன்.

மனதாரத்தான் சொன்னார். மறுநாளே காண்டிராக்டர் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். வாய்க்கால் வெட்டப்படவே இல்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு பெய்தது. தெரு முழுவதும் விழுந்த தண்ணீர் நேராக டீச்சர் வீட்டுக்குள் போனது. அண்ணன் ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டிலின் சட்டம் வரை தண்ணீர். டீச்சரின் கணவரை முதுகில் சுமந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அண்ணி துவட்டிவிட்டுப் படுக்க வைத்தார். ஆனால் நனைந்த உடம்பு தேறவில்லை. காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர் காலமானார்.

ஏற்கெனவே பலவீனமான உடம்பு என்றார் டாக்டர். டீச்சர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தெருவிலும் யாரும் சொல்லவில்லை. அண்ணன்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் சொல்வார், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வார். "நான் சொன்ன சொல்லக் காப்பாத்தலையேம்மா" என்று என்னிடம் அழுதிருக்கிறார். கேட்டது ஊர், கொடுத்தது இவர், கனத்தது இவர் நெஞ்சு மட்டும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடப்பாரையை எடுத்து எங்கள் கேட்டு முன்னாலிருந்த தாரை உடைத்து, பழைய பள்ளத்தைத் திறந்தார். வீடு வீடாகப் போய், நீங்களும் உடையுங்கள் என்று கேட்டார். வாசு சார் சிரித்துக்கொண்டே, "ஒரு வீட்டுக்காகத் தெருவையே நோண்டுவாங்களாப்பா? நல்லா இருக்கே உன் நியாயம்!" என்றார். எங்கள் தெருக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. மழைக்கு மழை டீச்சர் வீட்டுக்குச் சாம்பாரும் ரசமும் போகும். ஆனால் யாரும் தன் கேட்டு முன்னால் கை வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு முன்னால் மட்டும் திறந்து கிடந்த பள்ளத்தில் கொசு வந்ததுதான் மிச்சம்.

தொண்ணூறுகளின் நடுவில் மூன்றாவது முறையாக ரோடு போட வந்தார்கள். அதே காண்டிராக்டர். பழைய தாரைக் கொத்தி எடுத்துவிட்டுப் போடலாம் என்று அண்ணன் மன்றாடினார். "எஸ்டிமேட்ல அது இல்லப்பா. உன் கைக்காசா போட்டுச் செய்யறே?" என்று காண்டிராக்டர் முடித்துவிட்டார். அண்ணன் போய் ரோடு ரோலருக்கு எதிரே நின்றார். வாழ்க்கையிலேயே அவர் முடியாது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

ரோலர் ஓட்டுபவர் மேலேயிருந்து, "இன்னா சார், நீயே ரோடு போடற ஆளு, நீயே மறிச்சிகினு நிக்கற? பேஜார் பண்ணாத, நவுரு சார்" என்றார். எங்கள் தெருக்காரர்களே அண்ணனின் தோளில் கை போட்டு, தண்ணீர் கொடுத்து, ஓரமாக அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். ரோலர் போனது. அந்த வாரமே வேலையும் போனது. பிறகு ஒரு ஹார்டுவேர் கடையில் நின்று தன் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தார். டீச்சர் இப்போது தன் வீட்டுக்குள் படி இறங்கித்தான் போகிறார்.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெளியே விடாத மழை. கண் திறந்த போதெல்லாம், "டீச்சர் வீட்ல தண்ணி ஏறிடுச்சா?" என்பதே கேள்வி. அதற்கு முந்தின நாள்தான் அண்ணியும் நானும் அந்த வீட்டில் வாளி வாளியாக இறைத்து ஊற்றியிருந்தோம். மறுபடி அவர் கேட்டபோது டீச்சரே உள்ளே வந்தார். அண்ணனின் நெற்றியில் கை வைத்து, "இந்தத் தடவ வாசலோட நின்னுடுச்சு தம்பி. உள்ள ஒரு சொட்டு வரல. நிம்மதியாத் தூங்குங்க" என்றார். சபைக்குத் தவறாமல் போகிறவர், பொய்யே பேசாதவர். அண்ணன் தூங்கினார். இரண்டு நாளில் போய்விட்டார்.

இரவு பகல் பார்க்காமல் கவனித்த டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும், மழையில் ஆட்டோ ஓட்டிவந்த நண்பருக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்கு உலை வைக்கவிடாமல் சோறு அனுப்பிய தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஸ்டெல்லா டீச்சருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

தலைத் திவசத்துக்குள் தெருவுக்குப் புது ரோடு வாங்கி, முனையில் அண்ணன் பெயரில் கல் நடப்போவதாகச் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்கிறார்கள், தெரியும். அண்ணியும் பிள்ளைகளும் நானும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம். பழையதன் மேல் இன்னொரு ரோடு வேண்டாம். முதலில் தோண்டி எடுங்கள். டீச்சர் வீட்டு வாசற்படி தெருவுக்கு மேலே தெரிகிறவரை தோண்டுங்கள். அதுவரை அண்ணன் பெயரை எந்தக் கல்லிலும் எழுதாதீர்கள்.