வாசனைக்கு வந்த மானும் ஆர்வினின் சட்டையும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டோரம் பால் லாரி ஓட்டும் ஆர்வின் ஷ்மிட்கேவுக்குக் கொள்கை ஒன்றுதான்: பெண்மானின் மூத்திரத்தைப் புட்டியில் வாங்கித் தெளித்து ஆண்மானை வரவழைப்பது வேட்டையல்ல, பொய்க் கல்யாணப் பத்திரிகை. நவம்பர்தோறும் எங்கள் வேட்டைக் குடிலில் இதை அவர் சொல்லாத நாள் இல்லை. கொம்புமானைக் கொண்டுவந்த நாளும் இல்லை.

கண்ணெதிரே வந்த மானைக் கோட்டை விட்டவனின் சட்டையின் பின்பக்க வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பது எங்கள் குடிலின் சட்டம். இந்த வருடம் ஆர்வின் போட்டிருந்தது மனைவி லோரெய்ன் தைத்துக் கொடுத்த புதுச் சட்டை. மான் கிட்டே வந்தால் குறி தவறாது, அந்தச் சட்டையாவது தப்பட்டுமே என்று இரக்கப்பட்டு, மச்சினன் வெண்டல் அவர் பூட்ஸில் ரகசியமாக அந்த மூத்திரத்தில் அரைப் புட்டியைக் கவிழ்த்துவிட்டான்.

மத்தியானம் ஆர்வின் வெறுங்கையோடு திரும்பினார்.

“என்ன மாமா, மான் வரலையா?” என்றான் வெண்டல்.

“வந்துச்சு மாப்ளே. பெரிய கொம்பன். நான் மரத்துல ஏறின ஏணிய ஒவ்வொரு படியா மோந்துச்சு. அப்பதான் குனிஞ்சு என் பூட்ஸை மோந்தேன்.”

“சுட வேண்டியதுதானே!”

“அது என்னைத் தேடி வரல, உன் புட்டியத் தேடி வந்துச்சு. நீயே போய்ச் சுட்டுக்கோ.”

“அக்கா தச்ச சட்டை மாமா! மானையே பார்க்கலைன்னு சொல்லிடுங்க, யாருக்குத் தெரியும்?”

“பொய் வேணாம்னுதானேடா சுடாம வந்தேன். கத்தரிய எடு.”

திரும்பி நின்று சட்டையை வெளியே இழுத்து விட்டார். வெண்டல் கத்தரியை எடுத்துவந்து வாலைப் பிடித்தான்.

“நேரா வெட்டுடா. கோணலா இருந்தா உங்கக்கா உன்னைத்தான் கேப்பா.”