மீட்காத பிள்ளைக்கு ஜெர்மன் வகுப்பு

பிரிஜிட் யாரையும் நம்பமாட்டாள். மலேசியாவில் மலாக்கா பக்கம், ரெம்பியாவில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் பதினோரு வருடமாக அவளோடு சேர்ந்து சமைக்கிறேன், என்னையும் நம்பமாட்டாள். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கி ஆட்டிப் பார்ப்பாள். முட்டையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடிப்பாள். நான் உப்புப் போட்ட சாம்பாரை என் கண் முன்னாலேயே ருசி பார்த்துவிட்டு, கரண்டியைக் கழுவி வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இத்தனை வருடத்தில் எங்கள் சாப்பாட்டால் ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் கணவர் செபாஸ்டியன் லாரி ஓட்டினவர். சிம்பாங் அம்பாட் பக்கம் நடந்த விபத்தில் போய்விட்டார். அப்போது மகள் ஜோனிட்டாவுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு பிரிஜிட்டுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். அவளையும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் வளர்த்தாள்.

ஜோனிட்டா மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். முதல் வருடமே ஒரு வெளிநாட்டு மொழி எடுத்தாக வேண்டுமாம். ஜெர்மன் அல்லது இத்தாலி. ஜோனிட்டா இத்தாலிக்கு டிக் போட்டு, அம்மாவின் கையெழுத்துக்காக விண்ணப்பப் பாரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் பிரிஜிட் அந்தப் பாரத்தைக் கன்டீனுக்கே கொண்டுவந்துவிட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் முன்னால் விரித்து வைத்தாள்.

“பாக்கியக்கா, இத்தாலி எதுக்கு? சொல்லுங்க. நர்சுக்கு இத்தாலி எதுக்கு?”

பிள்ளைக்குப் பிடித்திருக்கும், விடு என்றேன். அவள் விடவில்லை. மாதா கோயிலுக்கு மூன்று மாதமாக இரண்டு கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் வருகிறார்களாம். அவர்கள் சபைக்குத் தலைமை மடம் ரோமாபுரியில். அதில் வயதான சிஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து ஜோனிட்டாவை ஓரமாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுகிறாராம். பிரிஜிட் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம். இப்போது இத்தாலி. மகள் மடத்துக்குப் போகப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அவளையே கேட்டுவிடேன் என்றேன். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவாளா என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பதினோரு வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

ஜோனிட்டா ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பிழைத்தால் மாதாவின் தாயார் புனித அன்னம்மாளுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பிரிஜிட் நேர்ந்துகொண்டாள். அவர்களுக்குள் அது வழக்கம்தானாம். அன்னம்மாள் கோயில் திருவிழாவில் பிள்ளையைப் பீடத்தடியில் கிடத்தி, இது உங்கள் பிள்ளை என்று சொல்லிவிட வேண்டும். பிறகு காணிக்கை போட்டு மீட்டுக்கொண்டு வர வேண்டும். பிரிஜிட் கொடுத்தாள். மீட்பதற்குள், பஸ் கிளம்புகிறது என்று செபாஸ்டியன் வெளியிலிருந்து கத்தினார். பிள்ளையை வாரிக்கொண்டு ஓடிவிட்டாள். காணிக்கைக் கவர் கைப்பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அடுத்த வருடம் போடலாம் என்று இருந்தாள். பிறகு வெட்கம். செபாஸ்டியன் போன பிறகு பயம். போய் நின்றால், எங்கே என் பிள்ளை என்று அன்னம்மாள் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அந்தத் திருவிழாப் பக்கமே தலைகாட்டவில்லை.

“இப்ப அங்கேருந்தே ஆள் அனுப்பிட்டாங்கக்கா” என்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தை நான்தான் உரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் பயம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அன்று மத்தியானம் என் காரில் அவளைக் கல்லூரிக்குக் கூட்டிப் போனவள் நானேதான். இத்தாலியை அடித்து, ஜெர்மனுக்கு டிக் போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆபீசில் இருந்த பெண் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள். வரும் வழியில் பிரிஜிட் வாயே ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

வகுப்புப் பட்டியலைப் பார்த்து ஜோனிட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. சண்டை போடுவாள் என்று காத்திருந்தோம். சரிம்மா என்று மட்டும் சொன்னாளாம். அதையும் பிரிஜிட் ஒரு வாரம் சந்தேகப்பட்டாள். அப்புறம் சிஸ்டர்களுக்கு வேறு ஊர் மாற்றலாகிவிட்டது. மகள் அவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, ஜெர்மன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிரிஜிட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இரண்டு வருடம் நிம்மதியாகப் போனது. ஜோனிட்டா ஜெர்மனில் முதலாவதாக வந்தாள். நான்கூட, பார்த்தாயா என்று பெருமையடித்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வெளியார் கல்யாணச் சமையலுக்குக் கறி மசாலா அரைக்கப் பிரிஜிட் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜோனிட்டா ஒரு புதுப் பாரத்தோடு வந்தாள். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்களாம். மொழி தெரிந்த ஆறு பேரைப் பொறுக்கினார்களாம். அவள் பெயர் முதலில்.

பிரிஜிட் மசாலாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

“நீ ஏன்டி அப்ப இத்தாலி எடுத்தே?”

“ஜெர்மன் எடுத்தா கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு சீனியர்ஸ் சொன்னாங்கம்மா. இத்தாலி கிளாசுக்கு யாரும் ஆள் எடுக்க வரமாட்டாங்க. நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான் லா.”

அந்தச் சிஸ்டர் என்ன பேசினார் என்று நான்தான் கேட்டேன். அவருக்கு பிரஷராம். வாரா வாரம் ஜோனிட்டாதான் பார்த்துச் சொல்வாளாம். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றாராம்.

போகவேண்டாம் என்று இப்போதும் சொல்லலாமே என்று நான் பிரிஜிட்டிடம் வாயெடுத்தேன். ஜோனிட்டா அம்மாவைத்தான் பார்த்தாள்.

“இப்ப எனக்கே போகணும்னு இருக்கும்மா. அந்த பாஷை எனக்கு நல்லா வருது. ரெண்டு வருசம்தான். வந்துடுவேன்.”

அவள் குளிக்கப் போனதும் பிரிஜிட் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அன்னம்மாள் கேக்கவே இல்லைக்கா. நானே தூக்கிக் குடுத்துட்டேன்” என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள், பாரத்தின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். ரெண்டு வருசம்தானே, வந்துடுவா என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.