ஈரச் சேலையும் கனத்த காரும்

ஆரணியில் வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டிய தசரதனைக் கார் ஸ்டாண்டில் மொட்டைவண்டிக்காரர் என்பார்கள். மூட்டை ஏற்றாத நாளில் கூரைமேல் இருக்கும் கேரியரை ஸ்பேனரால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். கேட்டால், "காத்தைச் சுமக்கறதுக்கு எதுக்குங்க டீசல்?" என்பார். 1994 முதல் பட்டு வியாபாரிகளின் கணக்கராக அவரோடு காஞ்சிபுரம் போய்வந்தவன் நான். மற்ற அம்பாசிடர்களைவிட அவர் வண்டி லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகவே கொடுத்தது. ஸ்டாண்டில் யாரும் நம்பவில்லை. நான் அளந்து பார்த்திருக்கிறேன்.

2009இல் அந்த வண்டி ஓய்ந்தது. தசரதனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அடுத்து வாங்குவதுதான் கடைசி வண்டி. அந்த நேரம் பார்த்து, கார்கள் இவ்வளவுக்கு மேல் எரிபொருள் குடிக்கக் கூடாது என்று அரசு விதி கொண்டுவரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வாங்கிய வண்டியை நாளைக்கு எஃப்.சி. தகுதிச் சோதனையில் தள்ளிவிட்டால் பிழைப்பு என்ன ஆகும் என்று கலங்கிப்போனார். வேலூரில் கார் விற்பவர் ஒரு வழி சொன்னாராம்: கனமான வண்டிக்கு வரம்பு தளர்வாக இருக்கும், பெரிதாக எடுத்தால் எந்த விதியும் தொடாது. தசரதன் அதற்கே தயாராகிவிட்டார்.

அவர் மனைவி கற்பகம் முள்ளிப்பட்டில் தறியோடு வளர்ந்தவர். அங்கே முதலாளி பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார், நெய்த சேலையை நிறுத்து வாங்குவார். நூலில் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்ட சிலர் சேலையில் ஈரம் காட்டி எடையைச் சரிக்கட்டுவதுண்டு. விற்பவர் சொன்னதைக் கேட்டதும் கற்பகம் என் எதிரிலேயே சொன்னார்:

"எடை ஏத்தினா தப்பிச்சிக்கலாம்னா, இது ஈரச்சேல கணக்கா இல்ல இருக்குது? சலுகை வண்டி செய்யறவனுக்கு. டீசல் ஊத்தப்போறது நீதானே?"

தசரதன் மறுநாள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்தார். விதி வந்தாலும் புது வண்டி செய்யும் கம்பெனிகளுக்குத்தான், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அல்ல என்றார்கள்.

"எனக்கில்லாத சட்டத்துக்கு நானா பயந்துகினு யானையை வாங்கப் பாத்தேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சிறிய டீசல் காராக எடுத்தார். இடம் போதவில்லை என்று இரண்டு வியாபாரிகள் வேறு வண்டிக்குப் போனார்கள். அவர்களை அவர் குறை சொல்லவில்லை.

கார் வந்த அன்று, இலவசமாகப் பொருத்திக் கொடுத்திருந்த கேரியரை ஸ்டாண்டிலேயே கழற்றினார். பக்கத்து வண்டிக்காரர் தனக்கோடி, "இதுக்கும் மொட்டையா அண்ணே?" என்று சீண்டினார்.

"பொறந்த கொழந்தைக்கு மொதல்ல அதானேப்பா போடுவோம்" என்றார் தசரதன்.